தலை நிற்குமா?

போன வாரம் பேரனுக்குத் தலை நின்றுவிட்டது.

மூன்றரை மாதப் பிள்ளை. கூடத்தில் போர்வை விரித்துக் குப்புறப் போட்டிருந்தேன். முழங்கை இரண்டையும் ஊன்றி, கழுத்து நடுங்க நடுங்கத் தலையைத் தூக்கினான். எச்சில் ஒரு நூலாய்ப் போர்வையில் இறங்கியது. பத்து விநாடிகூட இருக்காது, நெற்றி தரையில் இடித்தது. அழுகைக்கு முன் வரும் அந்த உதட்டுப் பிதுக்கம். அழவில்லை, மறுபடி தூக்கினான். இந்தத் தடவை விழாமல் என்னை நேராகப் பார்த்தான்.

பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். சனி, ஞாயிறுகளில் மாப்பிள்ளை வந்துபோவார். விண்வெளி என்றால் அவருக்கு உயிர். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் ராக்கெட் கிளம்புவதைக் காட்டியவர், "அத்தை, இவன் பெரியவனாகறதுக்குள்ள செவ்வாய்ல ஊரே வந்துடும். அங்க போய்க் குடும்பம் நடத்துவான் பாருங்க" என்றார்.

"குடும்பம்னா பிள்ளை பெத்துக்கணுமே, மாப்பிள்ளை" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

மனிதர்கள் செவ்வாய்க்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஏழு மாதப் பயணம். 26 மாதத்துக்கு ஒருமுறைதான் புறப்பட வாய்ப்பு. நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அங்கே இல்லை, இருப்பதும் பெரும்பாலும் கரியமில வாயு. எல்லாமே கஷ்டம்தான், ஆனால் வழி தேடினால் கிடைக்கும் கஷ்டம். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு போன மாக்ஸி என்ற சிறிய கருவி, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, அந்தக் காற்றிலிருந்தே 122 கிராம் ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டியது. ஒரு ஆளுக்கு மூன்றரை மணி நேர மூச்சு. அளவு கொஞ்சம், ஆனாலும் வேறொரு கிரகத்தின் காற்றிலிருந்து எடுத்த மூச்சு. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2016-ல் மெக்சிகோவில் நடந்த மாநாட்டில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் கம்பெனியின் ஈலான் மஸ்க் பத்து லட்சம் பேர் வாழும் செவ்வாய் நகரத்தைப் பற்றிப் பேசினார். முதலில் போகிறவர்கள் சாகத் தயாராக இருக்க வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. எல்லாம் தெரிந்து, வளர்ந்த ஒருவர் சரி என்று கையெழுத்துப் போட்டால் அது அவர் உயிர், அவர் முடிவு. ஆனால் பத்து லட்சம் பேரையும் ராக்கெட்டிலேயே ஏற்றி இறக்கிவிட முடியாது. பிரசவமே நடக்காத இடத்தை நாம் ஊர் என்பதில்லை, முகாம் என்போம். ஊர் வேண்டுமென்றால் அங்கே ஒரு பெண் உண்டாக வேண்டும்.

கைக்குழந்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் வருடம் முழுக்க அது தன் எடையோடுதான் மல்லுக்கட்டுகிறது. தலை நிற்பது, குப்புறுவது, தவழ்வது, எதையாவது பிடித்துக்கொண்டு எழுவது எல்லாம் பூமியின் இழுப்பை எதிர்த்துத்தான். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதில் ஒரு கட்டத்துக்குச் செங்கீரை என்று பெயரிட்டு ஒரு பருவமே பாடினார்கள். ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதம் அது. எலும்பு இறுகுவதும், ரத்தத்தை மேலே ஏற்ற இதயம் பழகுவதும் இதே இழுப்புக்கு ஈடுகொடுத்துத்தான். செவ்வாயில் அந்த இழுப்பு இங்கே இருப்பதில் 38 சதவீதம்.

அது ஒரு சிசுவுக்குப் போதுமா? எடையே இல்லாத சுற்றுப்பாதையில், வளர்ந்த வீரர்களுக்கே மாதம் ஒன்று, ஒன்றரை சதவீதம் எலும்பு கரைகிறது. அதைக் குறைக்கத் தினமும் இரண்டு மணி நேரம் எந்திரங்களில் பட்டை கட்டிப் பயிற்சி செய்கிறார்கள். பச்சைப் பிள்ளையை எந்த எந்திரத்தில் கட்டுவது? பூமியைவிடக் குறைந்த ஈர்ப்பில், காலூன்றி, மனிதர்கள் இருந்தது நிலவில் மட்டும்தான். அதுவும் அதிகபட்சம் மூன்று நாள் சொச்சம், 1972-ல். 1979-ல் சோவியத் ஒன்றியம் ஆண் எலிகளையும் பெண் எலிகளையும் ஒரே கலத்தில் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது. ஒன்றுகூடக் குட்டி போடவில்லை. பூமிக்கு வெளியே இதுவரை ஒரு பாலூட்டியும் பிறந்ததில்லை.

மண்ணையும் சொல்ல வேண்டும். மண் அள்ளித் தின்னாத பிள்ளை எந்த வீட்டில் உண்டு? செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்புகள் இருப்பதை 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் கண்டுபிடித்தது. தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போய்ச் சேரவிடாமல் தடுக்கும் உப்பு அது. பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அந்த அயோடின் வேண்டும். கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கதிர்வீச்சோ, இங்கே இயற்கையாக நம்மேல் விழுவதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. ஆகவே பெரும்பாலும் மண்ணுக்கடியில்தான் வாழ்க்கை. எங்கள் வீட்டில் குழந்தை தவழ்ந்துபோய் வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை பிடிப்போம். அந்தப் பிள்ளைக்குத் தாண்ட ஒரு வாசற்படி கிடையாது.

பிரசவ நேரத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். கிரகங்கள் விலகி நிற்கும் காலத்தில், ஒரு சொல் அங்கிருந்து இங்கே வர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். "அம்மா, வலிக்குதும்மா" என்று அங்கிருந்து மகள் சொல்வது என் காதில் விழுந்து, "மூச்சை இழுத்து விடுடி கண்ணு" என்று நான் சொல்வது அவளுக்குக் கேட்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

பிறக்கப்போகும் பிள்ளையின் சம்மதத்தை யார் கேட்டார்கள் என்றேன். "யாரைக் கேட்டுட்டு நாம பிறந்தோம் அத்தை? பாலைவனத்துல பிறக்கலையா, போர் நடக்கற ஊர்ல பிறக்கலையா?" என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பாலைவனத்தில் பெற்றவர்கள், ஆயிரம் தலைமுறை பிழைத்துக் காட்டிய காற்றிலும் ஈர்ப்பிலும் பெற்றார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்ததும் வேண்டாம் என்று மூட்டையைக் கட்டலாம். செவ்வாயில் வளர்ந்த பிள்ளை இங்கே வந்து இறங்கினால் அதன் உடம்பு இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். நிற்க முடியுமா, அந்த இதயம் தாங்குமா, யாரும் சோதித்ததில்லை. திரும்பி வர முடியுமா என்றே தெரியாத இடத்தில் பெற்றுப்போடுவதை வறுமையோடும் போரோடும் சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளையை நிலத்துக்குப் பட்டாவாக்கிய கதையும் நடந்திருக்கிறது. அண்டார்க்டிகாவில் உரிமை கொண்டாடிய அர்ஜென்டினா, ஒரு கர்ப்பிணியை விமானத்தில் அங்கே கொண்டுபோய்த் தன் எஸ்பெரான்சா தளத்தில் பிரசவம் பார்த்தது. 1978 ஜனவரி 7-ல் எமிலியோ பால்மா பிறந்தான். சில வருடங்களில் சிலியும் அதையே செய்தது. பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள், ஏனென்றால் அங்கே பனி இருந்தாலும் மூச்சுக்குக் காற்று இருந்தது, எடை இருந்தது.

செவ்வாயில் மூச்சுக் காற்றே ஒரு கம்பெனியின் சொத்தாக இருக்கும். எந்த நாடும் வேற்றுக் கிரகத்தைச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். தனியார் செய்வதற்கும் அவர்களுடைய நாடே பொறுப்பு என்கிறது. ஆனால் 2020-ல் அதே ஸ்பேஸ்எக்ஸ் நடத்தும் ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் நிபந்தனைகளில், செவ்வாய் சுதந்திரமான கிரகம், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை என்று ஒரு வரி இருந்தது. அங்கே பிறக்கும் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

விண்கல் விழுந்து பூமி அழிந்தால் என்ன செய்வது என்கிறார்கள், குடியேற்றத்தை ஆதரிப்பவர்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த மறுவருடமும் இங்கே காற்றும் கடலும் மிஞ்சின. நம் மூதாதைகளான சிறு பிராணிகள் பொந்துகளில் பிழைத்தன. அந்த மோசமான வருடத்துப் பூமிகூடச் செவ்வாயைவிட நல்ல இடம்.

நான் கேட்பது ஒன்றுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்தில், எலிகளைச் சுழலவிட்டுச் செயற்கையாக ஈர்ப்பு உண்டாக்கும் கருவி 2016-லிருந்து இருக்கிறது. அதைப் பெரிதாக்கட்டும். 38 சதவீத ஈர்ப்பில் எலிகள் குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் குட்டி போட்டு, அவற்றை இங்கே கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கட்டும். அப்புறம் நமக்கு இன்னும் நெருங்கிய விலங்குகள். முப்பது வருடம் ஆனால் ஆகட்டும். அதுவரை போகிறவர்கள் போய்த் திரும்பி வரட்டும், அண்டார்க்டிகாவில் விஞ்ஞானிகள் முறைவைத்துப் போய் வருவதைப்போல. குடியேற்றம் என்று பேசுகிறவர்கள், மகப்பேறு மருத்துவரையும் குழந்தை மருத்துவரையும் மேடையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசட்டும்.

ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் மாப்பிள்ளை பிள்ளையை எடை பார்த்தார். சரியாக ஆறு கிலோ. கைப்பேசியில் என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அங்க தராசு ரெண்டே கால்தான் காட்டும் அத்தை" என்றார். "பிறந்த அன்னைக்கே இவன் ரெண்டு தொள்ளாயிரம் இருந்தான்."