நடுங்கும் கைக்கு நாட்குறிப்பு உண்டா?

பழனி மலைத்தொடரின் மேலே, கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில், 1904-ஆம் ஆண்டு முதல் சூரியனை நாள்தோறும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். மேகம் மறைத்த நாட்கள் நீங்கலாக நூறாண்டைக் கடந்து நீளும் அந்தப் பதிவு இன்று கணினியில் ஏறி, கரும்புள்ளி எது, ஒளித்திட்டு எது என்று யந்திரம் பயின்று பிரித்தறிவதற்குப் பாடநூலாகியிருக்கிறது. அதே ஊரில், 1980-களில் தொடங்கி, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்து, 2001-இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் விரல்களுக்கு அப்படியொரு நாட்குறிப்பை எவரும் எழுதிவைக்கவில்லை. மனிதருடைய சலனத்தையும் சரீரக் குறிகளையும் யந்திரம் படித்துவிடும் என்ற இக்காலப் பேச்சை, இவ்விரண்டையும் அருகருகே வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

யந்திரம் படிக்கும் முறையில் மாயம் ஒன்றுமில்லை. இத்தாலியின் ஜெனோவா நகரத்து ஆய்வாளர்கள், 30 பேரின் இடுப்பில் கைபேசியைக் கட்டி, நடத்தல், படியேறல், படியிறங்கல், உட்காருதல், நிற்றல், படுத்தல் என்னும் ஆறு செய்கைகளைச் செய்யச் சொல்லி, வினாடிக்கு 50 தடவை அசைவை அளந்து, 2.56 வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் இன்ன செய்கை என்று பெயரிட்டு 2012-இல் பொதுவில் வைத்தார்கள். இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்றும் அதைக்கொண்டு பழகுகிறார்கள். பெயரிடப்படாத செய்கையை அவ்வாறு பயின்ற யந்திரம் அறியாது. பூம்பாறைச் சரிவில் பூண்டு மூட்டையோடு ஏறுகிறவரைக் காட்டினாலும், தனக்குத் தெரிந்த ஆறில் ஒன்றைத்தான் சொல்லும்.

நடுக்கத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. ஆரோக்கியமான விரல்களும் வினாடிக்கு 8 முதல் 12 தடவை கண்ணுக்குப் புலப்படாமல் அதிர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. பார்க்கின்சன் நோயிலோ, ஓய்ந்திருக்கும் கை வினாடிக்கு 4 முதல் 6 தடவை ஆடுகிறது. பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தவருக்கு விரலிலும் இமையிலும் உதட்டிலும் நடுக்கம் காண்பது வைத்திய சாஸ்திரம் வெகுகாலமாக அறிந்த லட்சணம். மணிக்கட்டில் கட்டும் கருவி இவற்றின் வேகத்தையும் வீச்சையும் செவ்வையாக அளக்கும். ஆனால் மார்கழிக் குளிரும், வெறும் வயிற்றில் குடித்த கடுங்காப்பியும், தைராய்டுக் கோளாறும்கூடக் கையை நடுங்க வைக்குமாதலால், ஒருநாள் அளவைக்கொண்டு காரணத்தை நிர்ணயிக்க இயலாது. வேலைக்குச் சேருமுன் இந்தக் கை எப்படி இருந்தது, ஆறு மாதத்தில் எவ்வாறு மாறியது, விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது குறைந்ததா என்னும் தொடர்ச்சி வேண்டும்.

கொடைக்கானலில் இல்லாமற்போனது அதுவே. 2001 மார்ச்சில், உடைந்த வெப்பமானிக் கண்ணாடி பழைய சாமான் கடையில் கிடந்தது வெளிப்பட்டு ஆலை மூடப்பட்ட பிறகு, தொழிலாளர் நோய்க்கு ஆலை காரணமல்ல என்றே நிர்வாகம் வாதாடிவந்தது. 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி, உடன்படிக்கை செய்துகொண்டது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுத் தர்க்கமும் காரணத்தைப் பற்றியதே. இன்று எவ்வளவு கூர்மையான கருவியை அவர்கள் கையில் கட்டினாலும் அது நடுக்கத்தை எண்ணுமேயன்றி, எங்கிருந்து வந்தது என்று சாட்சி சொல்லாது.

ஆகவே நச்சு ஆவி புழங்கும் ஆலைகளில் இக்கருவியை முதல் நாளே அணிவிப்பதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் நிபந்தனையோடு. நடுக்கத்தை எண்ணும் அதே கருவி, தொழிலாளி எத்தனை நிமிஷம் சும்மா நின்றார் என்பதையும் எண்ணும். நிர்வாகம் எதை முதலில் கேட்கும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை நிமித்தமாகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்தும் சட்டப் பொறுப்பிலிருந்தும் காக்கும் பொருட்டும், ஊழியரின் தரவைச் சம்மதம் கேளாமலே பயன்படுத்த 7-ஆம் பிரிவில் இடம் தருகிறது. சரீரக் குறிகளை அந்தப் பிரிவிலிருந்து விலக்கி, மூலப் பதிவு தொழிலாளியிடமும் அதன் பிரதி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் இருக்கும்படி திருத்தம் வரும்வரை, அக்கருவியை ஆலை வாசலுக்குள் விடலாகாது.