சின்னக் கார் எங்கே நிற்பது?

1954இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல்துறைத் தலைவர் ஹென்ட்ரிக் காஸ்யாகர் ஒரு திட்டம் வைத்தார். நகரின் நடுவே ஓடும் கால்வாய்களில் பெரும்பாலானவற்றை மண் கொட்டி மூடிவிட வேண்டும், அப்போதுதான் கார்கள் ஓடவும் நிற்கவும் இடம் கிடைக்கும் என்றார். யுனெஸ்கோ 2010இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த 17ஆம் நூற்றாண்டுக் கால்வாய்களைத்தான் அப்படிச் சொன்னார். ஊர் கொதித்தது, திட்டம் கைவிடப்பட்டது. ஆனாலும் அவரைக் கிறுக்கர் என்று தள்ளிவிட முடியாது. கார் என்ற ஒன்று தெருவுக்கே வராத 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், போக்குவரத்துக்கு வழிவிடவும் நாற்றம் பொறுக்காமலும் அந்த நகரம் தானாகவே சில கால்வாய்களைத் தூர்த்திருக்கிறது. காஸ்யாகர் பழைய வழக்கத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் நடந்தது வேறொரு சண்டை. அகலம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும், நீளம் இரண்டு மீட்டரைத் தொடாது; மின்சாரத்தில் ஓடுகிறது; இருவர் உட்காரலாம். இத்தாலியில் தயாராகும் ‘பிரோ’ என்ற இந்தக் குட்டி வண்டியை வாங்குகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த நிறத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், மேலே ஒட்டுப்படம் சுற்றுகிறார்கள், உள்ளே இருக்கைத் துணியை மாற்றுகிறார்கள். பிறகு கொண்டுபோய் நடைபாதையில் நிறுத்திவந்தார்கள். அப்படி நிறுத்த விடலாமா என்பதுதான் ஆம்ஸ்டர்டாமில் ஆண்டுக்கணக்காக நடந்துவந்த வாதம். புகை வராத வண்டிக்கு எதிராகச் சூழலை நேசிப்பவர்களே ஏன் குரல் கொடுக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். அந்த நகரத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து படித்தவர்களுக்கு வியப்பிராது.

கதையின் முக்கியமான மனிதர் லூட் ஸ்கிமல்பென்னிங்க். தொழில்முறை வடிவமைப்பாளர், 1965இல் ஆம்ஸ்டர்டாமில் கிளம்பிய ‘ப்ரோவோ’ என்ற இளைஞர் கலகக் கூட்டத்தில் ஒருவர். ப்ரோவோக்காரர்கள் சில மிதிவண்டிகளுக்கு வெள்ளை பூசிப் பூட்டாமல் தெருவில் விட்டார்கள். யாரும் எடுக்கலாம், ஓட்டலாம், இறங்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம். பூட்டாத சைக்கிள் தெருவில் இருப்பது சட்டப்படி குற்றம் என்று காவல்துறை அவற்றை அள்ளிக்கொண்டு போயிற்று. ஸ்கிமல்பென்னிங்க் நகர மன்றத்துக்குள்ளேயே நுழைந்து, நகராட்சி தன் செலவில் ஆயிரக்கணக்கில் வெள்ளை சைக்கிள் விட வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். மன்றம் மறுத்துவிட்டது.

அவர் அதோடு நிற்கவில்லை. வெள்ளை சைக்கிளுக்குப் பிறகு வெள்ளைக் கார். ‘விட்கார்’ என்று பெயர். உயரமான கண்ணாடிக் கூண்டுபோல நின்ற, மூன்று சக்கரத்து, இருவர் அமரும் மின்சார வண்டி. 1974 மார்ச் 21 அன்று சுகாதார, சுற்றுச்சூழல் அமைச்சர் இரேனெ ஃபோரிங்க் அதைத் தொடங்கிவைத்தார். உறுப்பினர் சாவியைக் காட்டி ஒரு நிலையத்தில் வண்டியை எடுத்து, போக வேண்டிய நிலையத்தைக் கணினியிடம் சொல்லிவிட்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே போய் விட்டுவிட வேண்டும். நிற்கும் நேரத்தில் வண்டி தானே மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். இன்று செல்பேசிச் செயலியில் நடப்பதை 1974இல், நகரத் தெருவில், கணினியை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள். நிலையங்கள் ஐந்தைத் தாண்டவில்லை, வண்டிகள் முப்பத்தைந்துக்கு மேல் பெருகவில்லை, நகராட்சி பணம் போடவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் போனதால் ஒரு நிலையத்தில் வண்டி குவிவதும் இன்னொன்றில் ஆள் காத்து நிற்பதுமாக இருந்தது. 1986இல் இழுத்து மூடினார்கள்.

விட்கார் எதற்கான விடை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரார் காற்றைக் கெடுப்பதற்கு முன்பே ஊரார் இடத்தைக் கார் தின்கிறது என்பதுதான் ஸ்கிமல்பென்னிங்கின் முதல் புகார். ஒரு தனியார் கார் நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. நிற்கும் இடமோ பொது இடம். அதனால்தான் விட்காருக்கு ஒரே நிறம். யாருடையதும் அல்லாத வண்டிக்கு யாருடைய ரசனையும் தேவையில்லை. 2011 நவம்பரில் ஒரு ஜெர்மன் நிறுவனம் அதே ஆம்ஸ்டர்டாமில் 300 மின்சார ஸ்மார்ட் கார்களை, எல்லாவற்றுக்கும் ஒரே சாயம் பூசி, நிமிட வாடகைக்கு விட்டபோது புதுமை என்று எழுதினார்கள். பழைய ப்ரோவோக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

விட்கார் தோற்ற அதே ஆண்டுகளில் தெருவைப் பற்றிய வாதம் வென்றுகொண்டிருந்தது. 1967இல் டேவிட் யோகினென் என்ற அமெரிக்க ஆலோசகர், டி பைப் என்ற நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பகுதியை இடித்து அகலச் சாலை போடலாம் என்று திட்டம் தந்திருந்தார். அது நடக்கவில்லை. ஆனால் திட்டமே இல்லாமல் கார்கள் தெருவை எடுத்துக்கொண்டன. 1971இல் நெதர்லாந்தின் சாலைகளில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தன் மகளை இழந்த ஃபிக் லாங்கென்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற இயக்கம் பிறந்தது. டி பைப்பில் பிள்ளைகளே தெருவை மறித்து, விளையாட இடம் கேட்டார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து, அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டபோது, நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டியும் சறுக்குக்காலணி கட்டியும் திரிந்தார்கள். தெரு இப்படியும் இருக்க முடியும் என்பதை நாடே கண்ணால் பார்த்துவிட்டது. டெல்ஃப்ட் நகரில் அதற்குள் பொறியாளர்கள் குடியிருப்புத் தெருக்களில் நடைபாதை, சாலை என்ற பிரிவையே எடுத்துவிட்டு, மரமும் பெஞ்சும் வைத்து, வண்டியை வளைந்து போக வைத்திருந்தார்கள். 1976இல் அது சட்டமாயிற்று: அப்படிப்பட்ட தெருவில் நடப்பவருக்கு முழு அகலமும் உரிமை, வண்டி நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும்.

இங்கேதான் நமக்கு மிகவும் பிடித்த வண்டி வருகிறது. 1995இல் வேனென்டால் ஊரைச் சேர்ந்த வாயென்பெர்க் நிறுவனம், டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, நடக்க முடியாதவர்களுக்காக ‘கான்டா’ என்ற குட்டிக் காரை உருவாக்கியது. அகலம் 1.10 மீட்டர். அந்த அளவைத் தாண்டாததால் சட்டம் அதைக் காராகப் பார்க்காமல் மாற்றுத்திறனாளி வண்டியாகப் பார்க்கிறது. சாலையில் 45 கிலோமீட்டர் வேகம் போகலாம். ஊருக்குள் சைக்கிள் பாதையில் 30. நடைபாதையிலும் ஏறலாம், ஆனால் மணிக்கு 6 கிலோமீட்டர்தான். வேகத்தைக் கீழே இறக்க இறக்க உரிமை விரிகிறது. ஓட்டுநர் உரிமம் வேண்டாம். சிலவற்றில் சக்கர நாற்காலியோடே உள்ளே போய்விடலாம்.

கான்டாவின் உரிமையாளர்களும் அதை அலங்கரித்தார்கள். நகரில் பார்த்தவற்றில் சிவப்பே அதிகம். சிலர் படம் வரைந்தார்கள், சிலர் விலங்குத்தோல் போன்ற அச்சை ஒட்டினார்கள். காலுக்குப் பதிலாக வந்த வண்டிக்கு ஒப்பனை செய்வது வெறும் பகட்டில்லை. சக்கர நாற்காலியைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் தெருவில், ‘என்னைப் பார்’ என்று சொல்லும் துணிச்சல் அது. எழுத்தாளர் காரின் ஸ்பைங்க் தாமே கான்டா ஓட்டுபவர். அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 2012இல் ஆம்ஸ்டர்டாமில் கான்டாக்களும் நெதர்லாந்து தேசிய பாலே குழு நடனக் கலைஞர்களும் சேர்ந்து ஆடிய ஒரு நிகழ்ச்சியே நடந்தது. தேருக்கு எவ்வளவு அலங்காரம் செய்தாலும் அது ஆள் நடக்கும் வேகத்தில் நகர்வதால்தான் வீதி அதை ஏற்கிறது. கான்டாவுக்கும் அந்த யோகம் வாய்த்தது.

ஒரு விவரத்தைத் தள்ளிவிடக் கூடாது. தொடக்கக் கான்டாக்கள் மின்சாரத்தில் ஓடவில்லை. ஹோண்டாவின் சிறு பெட்ரோல் இயந்திரம், தடதடவென்ற சத்தம், பின்னால் புகை. மின்சாரக் கான்டா பிறகுதான் வந்தது. ஆக, ஆம்ஸ்டர்டாம் தன் நடைபாதையில் இடம் கொடுத்த சின்னக் கார் புகைவிட்டது. இடம் கொடுக்கத் தயங்கிய சின்னக் கார் புகையே விடாதது. இதை முரண் என்று படிப்பவர்கள், தெருவைச் சுற்றிய வாதம் எரிபொருளைப் பற்றியது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரோ உரிமையாளர்களின் வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது வலுவானது. மையப் பகுதியில் கார் நிறுத்த அனுமதிச் சீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரோவின் மின்கலத்தைச் சில மாதிரிகளில் கழற்றி, பெட்டிபோல இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் மின்சாரம் ஏற்றலாம். செங்குத்துப் படிகள் கொண்ட கால்வாயோரப் பழைய வீடுகளில் வசிப்பவர்களுக்கு அது சாதாரண வசதியில்லை. இரண்டு டன் எடையுள்ள காருக்குப் பதிலாக இதை ஓட்டுகிறேன், எனக்கா தண்டனை என்று ஒருவர் கேட்டால் சட்டென்று பதில் சொல்வது கடினம். மழையில் குழந்தையைப் பள்ளியில் விடுபவரின் கேள்வி அது.

ஆனால் நடைபாதையில் மிச்சமிருக்கும் அகலத்தை அளந்தால் பதில் வந்துவிடும். ஆம்ஸ்டர்டாமின் உள்நகர நடைபாதைகள் குறுகலானவை. சைக்கிள்கள் நிற்கின்றன, வாசல் படிகள் நீண்டிருக்கின்றன, குப்பைப் பைகள் காத்திருக்கின்றன. அங்கே ஒரு மீட்டர் அகலப் பெட்டி ஒன்று நின்றால் குழந்தைத் தள்ளுவண்டியும் கைத்தடியோடு வரும் பார்வையற்றவரும் சாலையில்தான் இறங்க வேண்டும். கான்டாவில் வருபவரும்தான். அழகான சாயம் பூசிய வண்டி என்பதால் வழி கிடைத்துவிடாது. பெரிய கார் சாலையில் செய்ததை, சின்னக் கார் நடைபாதையில் சிறிய அளவில் செய்கிறது. சொல்லப்போனால் பெரிய காருக்குத் துணிவில்லாத ஒரு காரியம் அது: நடைபாதை ஏறுவது.

நகராட்சி இதுவரை போன பாதையில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. 1992இல் கார் போக்குவரத்தைக் குறைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியது. வந்து வாக்களித்தவர்கள் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல்தான், அவர்களிலும் பாதியைக் கொஞ்சம் தாண்டியவர்களே ‘ஆம்’ என்றார்கள். அந்த மெல்லிய பெரும்பான்மையை வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தார்கள். 2018இல் டி பைப்பில், யோகினென் இடிக்கச் சொன்ன அதே வட்டாரத்தில், நீருக்கு அடியில் 600 கார்கள் நிற்கும் கூடத்தைத் திறந்து, மேலே தெருவில் நின்ற கார்களை அகற்றினார்கள். 2019 ஏப்ரலில் மெதுவேக மொபெட்டுகளைச் சைக்கிள் பாதையிலிருந்து சாலைக்கு மாற்றினார்கள். அவற்றில் மின்சாரத்தில் ஓடுபவையும் உண்டு, சலுகை இல்லை. 2023 டிசம்பர் 8 முதல் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பு 30 கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுக்கு முன் விட்கார் ஓடிய வேகத்துக்கு மொத்த நகரத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

மற்ற நகரங்களும் இதே இடத்துக்கு வந்துசேர்கின்றன. லண்டன் 2003இல் நெரிசல் கட்டணம் கொண்டுவந்தபோது மின்சார வண்டிகளை விட்டுவைத்தது. பெங்களூரில் தயாரான ரேவா அங்கே ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் விலைபோனதே அந்தச் சலுகையால்தான். 2025 இறுதியோடு அந்த முழு விலக்கு முடிந்தது. பாரிசில் 2024 பிப்ரவரியில் கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்க வாக்களித்தபோது மின்கார்களும் தப்பவில்லை: பெட்ரோல் கார் 1.6 டன்னைத் தொட்டால், மின்கார் 2 டன்னைத் தொட்டால் கூடுதல் கட்டணம். எது ஓட்டுகிறது என்று கேட்டுவந்த சட்டம் எவ்வளவு கனம், எவ்வளவு இடம் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது.

அந்தக் கணக்கு நேர்மையாகப் போடப்பட்டால் பிரோவுக்கு லாபம்தான். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு கார் நிறுத்துமிடத்தில் பிரோவைக் குறுக்கே திருப்பி நிறுத்தினால் தாராளமாக மூன்று நிற்கும். சாலையோரம் பெரிய கார்களுக்கு ஒதுக்கிய இடங்களில் சிலவற்றை வெட்டி இவற்றுக்குக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கு கட்டணம் வாங்கலாம். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் பெரிய கார்க்காரர்கள் கூச்சல் போடுவார்கள். போடட்டும், ஒருவருக்குத் தரும் இடத்தில் மூவருக்குத் தருவதாக அவர்களுக்குச் சொல்ல முடியும். நடைபாதை மட்டும் பிரோவுக்கு வேண்டாம். கான்டா எப்போதும்போல 6 கிலோமீட்டரில் அதில் ஏறி வரட்டும்.