பொன்னியின் செல்வனுக்குப் பின் எழுதுகிறவர்களுக்கு

நமக்கு வரும் ரசிகர் புனைவுகளில் பெரும்பகுதி கல்கியின் 'பொன்னியின் செல்வன்' உலகத்தில் நடப்பவை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த அந்தத் தொடர்கதை, முடிந்த பிறகும் வாசகரை விடவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதியதிலிருந்து, கல்கி விட்ட இடத்தைத் தொட்டு எழுதுகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு இருந்த தயக்கமும் போய்விட்டது.

வரும் கதைகளில் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். வந்தியத்தேவனின் குறும்பும் குந்தவையின் நிதானமும் இளைய கைகளில்கூட நன்றாக வருகின்றன. ஆனால் அந்த ஆட்கள் நிற்கும் இடம் வெறுமையாக இருக்கிறது. பளிங்குத் தரை, குவிமாடம், வளைவு வளைவாக மாடங்கள் என்று அரண்மனையை வருணிப்பவர்கள் பலர். 2022-இல் வந்த திரைப்படத்தின் சாயல் அது. படத்தின் சில காட்சிகள் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவில் எடுக்கப்பட்டவை. அந்த அரண்மனைகள் புந்தேல மன்னர்கள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவை. படத்துக்கு அது பொருந்தலாம். எழுத்தில் அதையே எடுத்து வைத்தால் சுந்தர சோழர் அறுநூறு ஆண்டு தள்ளிப் போய்ப் படுத்திருப்பார்.

சோழர் அரண்மனை எப்படி இருந்தது என்று ஓரளவு சொல்ல மண்ணிலேயே சான்று இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வில் கனத்த செங்கல் சுவர்களும், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அது ராஜேந்திரனின் தலைநகர், நம் கதைக்கு அரை நூற்றாண்டு பிந்தியது. ஆனாலும் பழையாறை மாளிகையைக் கற்பனை செய்ய ஓர்ச்சாவைவிட அது எவ்வளவோ பக்கம். செங்கல்லும் மரமும் ஓடும் என்று தெரிந்துவிட்டால் காட்சியே மாறுகிறது. மாடியில் ஒருவர் நடந்தால் கீழே இருப்பவருக்குக் கேட்கும். தீ வைப்பது உண்மையான அச்சுறுத்தலாகும்.

கோயிலும் அப்படித்தான். வானளாவிய ராஜகோபுரங்கள் பின்னால் வந்தவை. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010-இல். சுந்தர சோழர் காலத்தில் அதற்கு அஸ்திவாரமே இல்லை. அந்தத் தலைமுறையில் காவிரிக் கரையெங்கும் நடந்தது வேறு காரியம்: செங்கற்றளிகள் கற்றளிகளாக மாறிக்கொண்டிருந்தன. அதை முன்நின்று செய்தவர் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவி. கணவர் பெயரால் அவர் கோனேரிராஜபுரத்தில் எடுப்பித்த கோயிலில், வேலையை நடத்திய சாத்தன் குணபத்தனின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அமைதியான கோயிலில் நந்தினியும் பழுவேட்டரையரும் பேசுவதாக எழுதுவதற்குப் பதில், உளிச்சத்தமும் கல் ஏற்றும் வண்டியும் கூலிக்குக் காத்திருக்கும் கூட்டமுமாக ஒரு திருப்பணியின் நடுவே அவர்களை நிறுத்திப் பாருங்கள். சாத்தன் குணபத்தன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

நான் சொல்ல வருவது இதைத்தான். பின்புலத் தகவல் கதையை நகர்த்த வேண்டும். நகர்த்தாத தகவல் வருணனைக்கு மட்டுமே ஆகும். வந்தியத்தேவன் காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு ஒரே இரவில் வந்து சேருவதாக எழுதுகிறார்கள். இடையே 250 கிலோமீட்டருக்கு மேல். ஒரே குதிரையில் வந்தால் ஐந்தாறு நாளாகும். பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் என்று நடுவில் ஆறுகள், எதற்கும் பாலமில்லை. ஆடிப்பெருக்கில் கொள்ளிடக்கரையில் ஓடத்துக்காகக் காத்திருக்கும் ஒருவன் யாரையெல்லாம் சந்திப்பான், யார் கண்ணில் படுவான்? அந்தக் காத்திருப்பே ஓர் அத்தியாயம். அதைத் தாண்டிக் குதிரையைப் பறக்கவிடுகிறவர் ஒரு நல்ல அத்தியாயத்தை இழக்கிறார்.

கல்வெட்டுகளில் இப்படிப்பட்ட அத்தியாயங்கள் நிறைய. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைக் கொடை கொடுப்பார்கள். ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அந்த மனிதர் ஒருநாள் வரவில்லையென்றால் ஊரே கவனிக்கும். ஒற்றர்களையும் ஆபத்துதவிகளையும் பற்றியே எழுதுகிறோம். தினமும் கோயிலுக்குள் வந்து போகும் அந்த இடையரை யாரும் எழுதவில்லை. பெரிய கோயில் கல்வெட்டோ தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயரோடும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதோடும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதோடும் குறிக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவர், தையற்காரர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், கணக்கர் எல்லோரும் அங்கே உண்டு. ராஜராஜன் காலத்துத் தஞ்சையில் கதை வைப்பவருக்கு இதற்கு மேல் ஒரு தெரு வரைபடம் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால், எந்த ஊர்க் காட்சியிலும் பானையும் ஓலையும் வந்துவிடுகின்றன. அந்த விதிகள் பிராமணர் ஊரான ஒரு பிரமதேயத்துச் சபையின் விதிகள். நிலமும் சொந்த மனையும் வயதும் கல்வியும் பார்த்து ஆளைச் சேர்த்த சபை அது. வேளாளர் வாழ்ந்த சாதாரண ஊரில் கூடியது 'ஊர்' என்ற வேறு அவை. இரண்டையும் கலந்தால் அந்தக் காலத்துச் சமூகமே தவறாகிவிடும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி, கொய்யா எதுவும் போர்த்துகீசியர் வருகைக்கு முன் இங்கே இல்லை. மிளகும் சீரகமும் புளியும் நெய்யும் தயிரும் போதும்.

மூலக்கதையும் வரலாறும் முரண்படும் இடத்தில் எதைப் பின்பற்றுவது என்று கேட்கிறார்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் நல்ல உதாரணம். கல்கி அருள்மொழியை அங்கே தங்க வைக்கிறார். ஆனைமங்கலச் செப்பேட்டின்படி அது ஸ்ரீவிஜய அரசர் எடுத்த விகாரம். ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், அதற்கு ஊரைக் கொடையளித்தான். கல்கியின் காட்சி அதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் முந்தியது. என் முடிவு தெளிவானது: மூலக்கதையில் நடந்ததை மாற்ற வேண்டாம், விகாரம் அங்கே இருக்கட்டும். நாம் புதிதாகச் சேர்ப்பது மட்டும் சான்றுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கல்கியும் நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவ பண்டாரத்தாரையும் படித்து, ஓவியர் மணியத்துடன் இலங்கைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அவர் கதையை எடுத்துக்கொள்பவர்கள் அந்த உழைப்பையும் எடுத்துக்கொள்வதே முறை.

உடையார்குடிக் கல்வெட்டை எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்? ஆதித்த கரிகாலன் கொலையில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்ளும் அந்த ஆணை, குற்றவாளிகளின் உறவினர் நிலத்தையும் சேர்த்துப் பறிக்கிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அதில் கை வைக்காத ஒரு மருமகனும் ஒரு தாயும் நிலத்தை இழக்கிறார்கள். கொன்றது யார் என்ற கேள்வியிலேயே எல்லாரும் நின்றுவிட்டதால் இந்தக் குடும்பத்தின் கதை இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.

தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் நூலகங்களில் இருக்கின்றன. பல நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். சொல் புரியாவிட்டால் 'தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி' உதவும். கல்வெட்டு நிலத்தையும் கொடையையும் வரியையும்தான் பேசும்; அடுப்படியில் மாமியாரும் மருமகளும் என்ன பேசினார்கள் என்று சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழுக்குக் கதை அனுப்புகிறவர்கள் கூடவே ஒரு பக்கக் குறிப்பும் அனுப்புங்கள். களத்தில் எது எந்தச் சான்றிலிருந்து வந்தது, எது உங்கள் கற்பனை என்று அதில் எழுதுங்கள். கதையோடு அதையும் அச்சிடுவோம்.