மூன்று மொழிக்கும் ஒரே ராயர்

1509-ல் இரண்டு பேர் பட்டத்துக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி, விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களும் கிளப்பும் சேர்ந்து ‘சின்ன இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கித் தந்த கோலார் தங்கவயலில் இங்கிலாந்தின் சுவடுகள்தான் கண்ணில் படும். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே இது ராயர் ஆண்ட சீமை. பக்கத்து முல்பாகல், விஜயநகர மாகாணம் ஒன்றின் தலைநகராக இருந்த ஊர்.

ராயர் முதலில் முடித்த சண்டைகளில் ஒன்று உம்மத்தூர் தலைவன் கங்கராஜாவுடன். காவிரித் தீவில் இருந்த அவனது சிவசமுத்திரம் கோட்டை விழுந்தது. அவன் ஆற்றில் மூழ்கிச் செத்தான். அதே சிவசமுத்திரம் அருவியிலிருந்துதான் 1902-ல் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது.

ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்தை கஜானாவில் சேர்த்தார். ராயர் கோயில்களுக்குக் கொட்டிக் கொடுத்தார். 1518-ல் திருமலை விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். பக்தி மட்டுமல்ல, ஜெயித்த ஊர்களைக் கட்டிப்போடும் அரசியலும் அதில் உண்டு. திருமலையில் அவர் காலத்துக் கல்வெட்டுகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருக்கின்றன.

பிற்காலத்தில் கிளம்பிய சொந்தம் கொண்டாடலுக்கு அவை சரியான பதில். ஆந்திரர்களுக்கு அவர் ‘ஆந்திர போஜன்’. கர்நாடக அரசு 2010-ல் ஹம்பியில் அவரது முடிசூட்டு விழாவின் 500-வது ஆண்டைக் கோலாகலமாகக் கொண்டாடியது. வம்சமோ துளுவ வம்சம். கன்னட நாட்டில் தலைநகரை வைத்துக்கொண்டு அவர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதை. இதில் எந்த மொழியை எடுத்துவிட்டு மிச்சத்தை ராயர் என்பது?

அவரை அவதார புருஷராக்கவும் வேண்டாம். இளவரசன் சிறுவயதில் இறந்தபோது, தன்னை ஆளாக்கிய மந்திரி திம்மரசுவின் கண்களைப் பிடுங்க வைத்தார் என்று போர்த்துகீசியர் நூனிஸ் எழுதி வைத்திருக்கிறார். தெனாலிராமன் கதைகளில் இது வராது.

மொழிச் சொந்தத்தின் விலை தங்கவயல்காரர்களுக்குத் தெரியும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். வீட்டில் தமிழ், அரசு ஆபீசில் கன்னடம், ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் என்பதால் சந்தையில் தெலுங்கு. ஆனாலும் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்ற கேள்வி விடுவதில்லை. நூறாண்டுக்கும் மேல் சுமார் 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்த பிறகும் விடவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. மண்மேடுகள் ஊருக்கு மிஞ்சின. வேலைக்கு பெங்களூர் ரயில்.