உட்கார ஒரு திண்ணை

ஆவடியிலிருந்து எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வரும் பெரியவர் ஒருவர், மருத்துவமனைக்கு வருவதைத் தவிர ஓராண்டாக வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஆறு நிமிட நடைப் பரிசோதனைக்காகத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னால் பாதியிலேயே நின்றுவிடுவார். இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்துபவர்தாம். ஆயினும் தெருவில் மூச்சு வாங்கினால் நாலு பேர் பார்ப்பார்களே என்னும் கூச்சம் அவரைக் கட்டிலோடு நிறுத்தியிருந்தது. அவருடைய மகள் ஒரு ஞாயிறன்று அவரை முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்கு அழைத்துச் சென்றார். அடுத்த முறை வந்தபோது பெரியவர் செட்டிநாட்டு வீட்டின் தூண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எத்தனை வீடு ஏறி இறங்கினீர்கள் என்று கேட்டோம். "நாலு வீடு டாக்டர். போற இடத்துலல்லாம் உட்கார திண்ணை இருந்துச்சே" என்றார்.

அந்த விடைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

தட்சிணசித்ரா 1996 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, கழற்றி, மரமும் கல்லுமாக எடுத்து வந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடு எனப் பல உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியினர் வெளிவட்டச் சாலை வழியே வண்டலூர் சென்று, கேளம்பாக்கம், கோவளம் வழியாக அடையலாம். செவ்வாய் விடுமுறை, புறப்படும் முன் கேட்டுக்கொள்வது நன்று.

பழைய வீட்டின் நடுமுற்றம் வெறும் அழகுக்காக அமைந்ததன்று. சூடேறிய காற்று அதன் வழியே மேலேறி வெளியேற, வாசலிலிருந்து புதிய காற்று உள்ளே வரும். மருத்துவமனைகளில் தொற்றைக் குறைக்க இயற்கைக் காற்றோட்டத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2009 இல் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. எனினும், அக்கால வீட்டில் நோயே இல்லை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். விறகடுப்புப் புகையில் நுரையீரல் கெட்ட பெண்களை இன்றும் பார்க்கிறோம். சென்னையில் 1956 இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளும் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டால் சானடோரியத்தில் சேர்ந்தவர்களைப் போலவே குணமடைவர் என்று 1959 இல் நிறுவியது. அங்கே குணப்படுத்தியது மருந்து, முற்றமன்று.

வீடு பார்க்கச் செல்வோர் காலை வேளையில் செல்லுங்கள். மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும். வண்டியில் வைத்துவிட்டு வராதீர்கள். நெடுநாள் பூட்டிக்கிடந்த அறை, தூசி தட்டும் கூடம், வவ்வால் எச்சம் கிடக்கும் மாடி ஆகியவற்றுக்குள் ஆஸ்துமா உள்ளவர்கள் நுழைய வேண்டா. பழைய நிலைப்படிகள் உயரமானவை, தலைவாசலோ தாழ்வானது. காலையும் தலையையும் ஒருசேரக் காக்கவேண்டியிருப்பதால் உடன் ஒருவர் இருப்பது நலம். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர்கள் எங்களைக் கேட்டபின் புறப்படுங்கள்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் சென்னை தினத்தையொட்டி மரபு நடைகள் நடக்கின்றன. அவற்றை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: எத்தனை கிலோமீட்டர் என்று அறிவிப்பதுபோல், வழியில் எங்கே உட்காரலாம் என்பதையும் அறிவியுங்கள். அந்த ஒரு வரி இல்லாமையால் வீட்டிலேயே தங்கிவிடுபவர்கள் எங்கள் நோயாளிகளில் பலர்.

இந்தப் புறநகர்த் தெருக்களிலும் திண்ணைகள் இருந்தன. அவற்றின் இடத்தில் இன்று கார் ஏறும் சரிவுகள் இருக்கின்றன. மருந்துக் கடைவரை நடக்கவேண்டிய முதியவர் இடையில் எங்கே அமர்வார்? புதுவீடு கட்டுவோர் மதிலையொட்டி முழங்கால் உயரத்தில், மூன்றடி நீளத்தில் ஒரு மேடை விட்டால் போதும். அதனால் நாய் படுக்கும், அந்நியர் உட்காருவர் என்று எங்களிடமே சிலர் சொன்னதுண்டு. உட்காரட்டுமே.

பெரியவர் அடுத்ததாகக் காரைக்குடிக்குப் போகவேண்டும் என்கிறார். தொலைவு அதிகம் என்று மகள் தயங்குகிறார். இரண்டு நாள் பயணமாகப் பிரித்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறோம்.