பச்சையா இருந்தா போதுமா?

கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பற்றி ஒரு கட்டுரையா, அதுவும் நம்ம மேகசின்லயா என்று நீங்கள் ஸ்க்ரோல் பண்ணிப் போவதற்கு முன்னால் ஒரு டிசைன் ப்ராப்ளம். வெளியே 35 டிகிரி வெயில். ஒரு செடியைத் தினமும் காலையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்ட வேண்டும். அதன் மேல் நாளுக்கு நூறு இருநூறு பேர் நடப்பார்கள். அது சாகக் கூடாது. பச்சை மாறக் கூடாது. பந்து அதன் மேல் கண்ணாடியில் உருளுவது போல உருள வேண்டும். இதை எக்ஸாமில் கேட்டால் என்ன எழுதுவீர்கள்? "கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனே தப்பு சார்" என்றுதானே?

என் கட்சியும் அதுதான். அமெரிக்காவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் ஒவ்வொரு ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பரீட்சை நடக்கிறது. ஆகஸ்ட்டில் எங்கோ ஒரு கிரீன் பழுப்பாகிச் செத்துப்போனால் பழி வெயில் மேல் விழும், இல்லையென்றால் மைதானத்தைப் பராமரிக்கும் சூப்பரின்டென்டென்ட் மேல் விழும். சில சமயம் அவர் வேலையே போகும். வெயிலை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாதே! ஆனால் புல்லைக் கொல்வதில் பெரிய பங்கு விளையாட வருபவர்கள் கேட்கிற கேள்விக்குத்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் புல். கோல்ஃபில் குழி இருக்கிற வழுவழுப்பான பகுதிக்குப் பெயர் கிரீன். அந்தக் குளிர்ப் பிரதேச கிரீன்களில் பெரும்பாலும் இருப்பது பென்ட் கிராஸ், கூடவே அழையா விருந்தாளியாக வரும் போவா என்ற புல். இரண்டுமே சி-3 வகை. ப்ளஸ் டூ பயாலஜியை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சூடு ஏற ஏற இந்த வகைச் செடியின் ருபிஸ்கோ என்ற என்சைம், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைப் பிடித்து, சம்பாதித்ததைக் கோட்டை விடும். அதே சமயம் சூட்டில் செடியின் சுவாசச் செலவும் ஏறும். வருமானம் குறைகிறது, செலவு கூடுகிறது. பிறகு சேமிப்பில் கைவைக்க வேண்டியதுதான்.

அந்தச் சேமிப்பு வேரில் போய் இடிக்கிறது. இலை நன்றாக வளர 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வேண்டும். வேருக்கு மண் அதைவிடக் குளிராக, 10 முதல் 18 டிகிரி வரை இருந்தால் சுகம். கோடையில் மண் சூடானதும் புது வேர் வருவது நின்றுபோகும், இருக்கிற வேரும் சாக ஆரம்பிக்கும். வசந்தத்தில் ஒரு சாணுக்குப் பக்கமாக இறங்கியிருந்த வேர் ஆகஸ்ட்டில் ஓரிரு அங்குலமாகச் சுருங்குவது சாதாரணம். மேலே பார்த்தால் பச்சை. கீழே ஒன்றுமில்லை.

இந்த நிலைமையில் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கீழே வெட்டு என்கிறோம். இலைதான் சோலார் பேனல். பேனலில் முக்கால்வாசியைக் கழற்றி எடுத்துவிட்டு பேட்டரி ஏன் ஏறவில்லை என்று கேட்கிற கதை இது. வெட்டும் உயரத்தை அரை மில்லிமீட்டர் ஏற்றினாலே புல்லுக்கு மூச்சு வரும். எல்லா சூப்பரின்டென்டென்டுக்கும் இது தெரியும். ஏற்ற விடுகிறார்களா என்பதுதான் பிரச்சினை.

தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் ருசிக்க ஆரம்பிக்கிறது. மண் நனைந்து கிடக்கும்போதே புல் வாடிச் சாகும், தெரியுமா? வேர் குட்டையாகிவிட்டது, மண்ணின் துவாரம் எல்லாம் தண்ணீர் நிரம்பி ஆக்சிஜன் இல்லை, வேரால் உறிஞ்ச முடியவில்லை. ஈரத்துக்கு நடுவிலேயே தாகம். தேங்கிய தண்ணீர் மேல் மதிய வெயில் அடித்தால் புல் வெந்தே போகும். இரவும் சூடாக, காற்றும் ஈரமாக இருந்தால் பித்தியம் என்ற நோய் ஒரே ராத்திரியில் கிரீனைத் தின்றுவிட்டுப் போகும். காலையில் வெட்ட வருகிற மெஷின் சக்கரமே அதை அடுத்த கிரீனுக்கு ஹோம் டெலிவரி செய்யும்.

அதனால்தான் நல்ல மைதானங்களில் கோடை மதியம் ஆட்கள் ஹோஸ் பைப்போடு நிற்பார்கள். ஈரத்தை அளக்கிற மீட்டரை மண்ணில் குத்திப் பார்த்து, காய்ந்த இடத்துக்கு மட்டும் கையால் தண்ணீர். மற்ற இடத்தில் இலை மேல் மட்டும் லேசான தூறல். அது வேருக்குக் குடிநீர் இல்லை, இலையைக் குளிரவைக்கிற வேலை. நாம் ஹாஸ்டலில் ஈரத் துண்டை ஜன்னலில் தொங்கவிடுகிறோமே, அதே ஆவியாதல் தத்துவம். காற்று ஓடாத இடத்தில் அது வேலை செய்யாது. அதனால் தென்மாநில மைதானங்களில் கிரீன் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மின்விசிறி வைத்திருப்பார்கள். புல்லுக்கு ஃபேன்! சிரிக்காதீங்க, கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியான தீர்வுதான்.

கிரீனுக்குக் கீழேயும் இன்ஜினியரிங் இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960இல் வெளியிட்ட கட்டுமான முறைப்படி மேலே சுமார் 30 சென்டிமீட்டர் மணல், கீழே 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதற்கும் கீழே வடிகால் குழாய். நுண்ணிய மணலுக்கும் பெரிய ஜல்லிக்கும் உள்ள துவார வித்தியாசத்தால் தண்ணீர் மணலின் அடியில் கொஞ்சம் தொங்கி நிற்கும், அளவு மீறினால் சட்டென்று வடிந்துவிடும். சிவில் நண்பர்களே, உங்கள் சாயில் மெக்கானிக்ஸ் பேப்பரில் வருகிற கேபிலரிட்டி இதுதான்.

இவ்வளவு செய்தும் ஏன் சாகிறது? அளவுகோலைப் பாருங்கள். 1935இல் ஓக்மான்ட்டில் நடந்த யு.எஸ். ஓப்பனைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர், கிரீன் எவ்வளவு வேகம் என்று அளக்க ஒரு மரச்சட்டம் செய்தார். சரிவாகப் பிடித்துப் பந்தை உருட்டிவிட்டால் எத்தனை அடி ஓடுகிறது என்பதுதான் கணக்கு. 1970களில் யு.எஸ்.ஜி.ஏ. அதை அலுமினியத்தில் செய்து, நாடு முழுக்க அளந்து பார்த்தது. அப்போது சராசரி சுமார் ஆறரை அடி. ஒரே மைதானத்தின் 18 கிரீனும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கருவி. நடந்தது என்ன? "எங்க கிளப்ல பதினொன்னு, உங்க கிளப்ல எவ்வளவு?" என்ற போட்டி. சி.ஜி.பி.ஏ. மாதிரி ஆகிவிட்டது. இன்று பெரிய போட்டிகளில் 12 அடிக்கு மேல் சர்வசாதாரணம். அதை டிவியில் பார்த்தவர் திங்கட்கிழமை தன் உள்ளூர் கிளப்பில் வந்து அதையே கேட்கிறார்.

நிறத்துக்கும் இதே கதை. ஜார்ஜியாவின் ஆகஸ்டா நேஷனலில் ஏப்ரலில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டி 1966 முதல் கலர் டிவியில் வருகிறது. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அதே பச்சை வேண்டும். ஒன்றை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. கோடை தொடங்கும் மே மாத இறுதியில் ஆகஸ்டாவை மூடிவிடுவார்கள், அக்டோபரில்தான் திறப்பார்கள். நாம் டிவியில் பார்க்கிற ஃபேர்வே பச்சையும், குளிரில் பழுப்பாகித் தூங்கும் பெர்முடா புல்லுக்கு மேலே இலையுதிர் காலத்தில் தூவிய ரை புல்லின் பச்சை. வருஷத்தில் நாலு மாசத்துக்கு மேல் இழுத்து மூடுகிற இடத்தோடு, ஜூலை ஞாயிற்றுக்கிழமை மதியம் 200 பேர் விளையாடுகிற பொது மைதானத்தை ஒப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

பழுப்பிலும் நல்ல கோல்ஃப் ஆடலாம் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2006 பிரிட்டிஷ் ஓப்பன், ஹோய்லேக். வறண்டு வைக்கோல் நிறத்தில் கிடந்த மைதானம். பந்து தரையில் விழுந்து ஓடிக்கொண்டே இருந்தது. டைகர் உட்ஸ் நாலு நாளில் ஒரே ஒரு முறைதான் டிரைவரை எடுத்தார், கோப்பையும் அவருக்குத்தான். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானத்தில் 2010-11இல் 35 ஏக்கருக்கும் மேல் பாசனப் புல்லைப் பிடுங்கிவிட்டு, நூற்றுக்கணக்கான தெளிப்பான்களைக் கழற்றிவிட்டு, மணலும் காட்டுச் செடியுமாக விட்டார்கள். 2014இல் அடுத்தடுத்த வாரங்களில் ஆண்கள், பெண்கள் இரண்டு யு.எஸ். ஓப்பனும் அங்கேதான் நடந்தன. அதை அசிங்கம் என்றவர்கள் உண்டு. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

"சரி, சூடு தாங்கும் புல்லையே போட்டுவிடலாமே" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி, பதிலில் நமக்கு ஒரு சொந்தமும் இருக்கிறது. பெர்முடா கிராஸ் என்று அவர்கள் சொல்வது வேறு யாரும் இல்லை, நம்ம பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். கரும்பு, சோளம் போல சி-4 வகை. 30 டிகிரிக்கு மேல்தான் அதற்குக் கொண்டாட்டம். அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல் ஒன்றையும் கலந்து ஜார்ஜியாவின் டிஃப்டனில் உருவாக்கிய வகைகளின் வாரிசுகள் இன்று தெற்கில் பல கிரீன்களில் பென்ட் கிராஸின் இடத்தைப் பிடித்துவிட்டன. பைன்ஹர்ஸ்ட்டும் 2014 போட்டிகள் முடிந்த கையோடு மாறியது. ஆனால் வடக்கே போகப் போக உறைபனி அதைக் கொல்லும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாநிலங்களில் எந்தப் புல்லைப் போட்டாலும் வருஷத்தில் ஒரு பருவம் அழ வேண்டும். ஆக, புல்லை மாற்றுவது சில ஊர்களுக்கு விடை. எல்லா ஊருக்கும் இல்லை.

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். செப்டம்பர்.

வெயில் தணிகிறது, இரவு குளிர்கிறது, கோடையைத் தாண்டி வந்த புல்லுக்கு வேர் விட ஒரு ஜன்னல் திறக்கிறது. அப்போதுதான் கிரீன் முழுக்கச் சின்னச் சின்னத் துளை போட்டு, மண்ணைத் துண்டு துண்டாக வெளியே எடுத்து, மணலால் நிரப்ப வேண்டும். ஏரேஷன் என்பார்கள். ஆக்சிஜன் உள்ளே போகும், சேர்ந்துபோன மட்கு குறையும், மிதிபட்டு இறுகிய மண் தளரும். மண்ணில் சூடு மிச்சம் இருக்கும்போது, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ செய்தால், பென்ட் கிராஸ் இரண்டு மூன்று வாரத்தில் துளையை மூடிவிடும். தள்ளிப்போட்டால் மண் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது போவா விதை முளைக்கத் தொடங்கும். நாம் போட்டு வைத்த துளைகள் அதற்குத் தயாரான நாற்றங்கால். அடுத்த கோடையில் முதலில் சாகப்போவதும் அந்தப் போவாதான். ஃபேர்வேயில் புது விதை தூவுவதும் இதே ஜன்னலில்தான். வசந்தத்துக்குத் தள்ளினால் நாற்று வேர் பிடிப்பதற்குள் அடுத்த வெயில் வந்துவிடும்.

ஆனால் செப்டம்பர்தான் விளையாடவும் அருமையான மாதம். லேபர் டே விடுமுறை வேறு. கிளப் டோர்னமென்ட் வேறு. "கிரீன் இப்போதான் நல்லா ஆச்சு, அதுக்குள்ள ஏன் குத்திக் கெடுக்கறீங்க?" என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். ஏரேஷன் அக்டோபருக்குப் போகும், இல்லையென்றால் துளை சின்னதாகும், இல்லையென்றால் ரத்தாகும். பில் அடுத்த ஆகஸ்ட்டில் வரும், பெயர் மட்டும் சூப்பரின்டென்டென்டுக்குக் கெடும். ஒரு அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஓவர்ஹாலைத் திருவிழா வருகிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் நம்ம மெக்கானிக்கல் ஆட்கள் சும்மா இருப்பீர்களா? புல் என்றால் மட்டும் ஏன் இளக்காரம்?

பணம் கட்டி வருகிறவர் நல்ல கிரீன் கேட்பது தப்பில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மேடு பள்ளத்தில் பந்து தவ்வினால் யாருக்கும் எரிச்சல்தான். ஆனால் வேகத்துக்கு வேறு வழி உண்டு. கோடையில் வெட்டும் உயரத்தை ஏற்றிவிட்டு, சில நாள் வெட்டாமல் ரோலர் மட்டும் ஓட்டினால் வேகம் பெரிதாகக் குறையாது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளில் ரோலர் ஓட்டிய இடத்தில் டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை நோயும் குறைந்தது. நிழல் விழுத்திக் காற்றை மறிக்கும் மரங்களை வெட்டலாம். ஓக்மான்ட்டில் ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள், மைதானம் கெட்டா போய்விட்டது?

கிளப்புகளிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். வருஷக் காலண்டரில் முதலில் ஏரேஷன் தேதியைப் போடுங்கள், டோர்னமென்ட் தேதியை அதற்குப் பிறகு தேடுங்கள். அப்புறம், பலகையில் ஸ்டிம்ப்மீட்டர் எண்ணை எழுதுகிறீர்களே, அதற்குப் பக்கத்திலேயே இன்று வேர் எத்தனை அங்குலம் என்றும் எழுதுங்கள். குழியை இடம் மாற்றத் தினமும் காலையில் கிரீனிலிருந்து ஒரு உருளை மண்ணை வெட்டி எடுக்கத்தான் செய்கிறார்கள். அதில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.