விற்றபின்னும் திருத்துக!

சுடுகலன் ஏந்தி ஒருவரையொருவர் வீழ்த்தி ஆடும் கணிப்பொறி விளையாட்டுக்குத் தமிழியக்க இதழில் இடமா என்று முகஞ்சுளிப்பார் உளர். சுளிக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் எதனுள் மூழ்கிக் கிடக்கின்றனரோ, அதனை யார் ஆக்கினர், ஆக்கியபின் யார் மாற்றுகின்றனர், யாரைக் கேட்டு மாற்றுகின்றனர் என்று அறியாதிருத்தல் நமக்குப் பெருமை தருவதன்று.

அச்சேறிய நூலிற் பிழையிருப்பின் அடுத்த பதிப்பு வரும்வரை அது பிழையாகவே நிற்கும். இணையவழிப் பலர் கூடி ஆடும் விளையாட்டோ அத்தகையதன்று. விற்பனைக்கு வந்தபின்னும் அதன் உறுப்புகளை ஆக்கியோர் மாற்றிக்கொண்டே இருக்கலாம். இதனை நம் இளைஞர் 'அப்டேட்' என்பர். 'இற்றைப்படுத்தம்' என்று சொன்னால் நாச் சுளுக்கிக்கொள்ளுமா? இற்றை என்பது நம் பாட்டனும் பூட்டனும் ஆண்ட சொல்.

இற்றைப்படுத்தத்தால் ஒரு விளையாட்டு உயிர்பெற்றமைக்குத் தக்க சான்று 'ரெயின்போ சிக்சு சீச்' என்பது. பிரெஞ்சு நிறுவனமாகிய யூபிசாப்ட்டின் மாண்ட்ரியால் பணிமனை அதனை ஆக்கியது. 'சீச்' என்பதன் பொருள் முற்றுகை. அப்பெயராலேயே இனிச் சுட்டுவோம். ஐவர் வெளிநின்று தாக்குவர். ஐவர் உள்நின்று காப்பர். உழிஞை என்றும் நொச்சி என்றும் திணை வகுத்த இனத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுவரைத் துளைக்கலாம், தரையைப் பிளந்து கீழ்நிற்பவனைச் சுடலாம் என்பதே இவ்விளையாட்டின் தனிச் சிறப்பு.

2015 திசம்பர் 1இல் அது வெளிவந்தபோது ஆங்கிலேய, அமெரிக்க, பிரெஞ்சு, உருசிய, செருமானியப் படைப்பிரிவுகளினின்று நந்நால்வராக 20 மறவர் இருந்தனர். அமைப்பு நன்று, அடித்தளமோ தள்ளாடிற்று. ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாடு இடையிடையே அறுந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரின் பொறியும் நடுவிலுள்ள வழங்கியும் தம்முட் செய்தி மாற்றிக்கொள்ள நொடியில் ஒரு சிறு பங்கு ஆகின்றது. அச்சிறு பங்கினுள், மூலையினின்று பாய்ந்து வருபவன் எதிரியைக் கண்டுவிடுவான்; எதிரியின் திரையிலோ அவன் இன்னும் தோன்றியிரான். காத்து நிற்பவன் தன்னைக் கொன்றவனைக் காணாமலே வீழ்ந்தான். ஏமாற்று மென்பொருள் கொண்டு ஆடும் கயவர் கூட்டம் வேறு. இவ்வளவு குறையோடும் முழு விலை கேட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. அரைகுறையாய் வேய்ந்த வீட்டை விற்றுவிட்டு, 'கூரையைப் பின்னர்ப் போடுகிறோம்' என்பது வாணிக அறமன்று. இற்றைப்படுத்தும் வசதி வந்தபின் இவ்வழக்கம் பெருகிவிட்டது.

ஆயினும் அவர்கள் கூரை போட்டனர். அதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2016 ஆகத்தில் ஏமாற்றுவோரைப் பிடிக்கும் 'பேட்டில்ஐ' என்னும் காவல் மென்பொருள் சேர்க்கப்பட்டது. மூன்று திங்கட்கு ஒரு பருவமாகப் புது மறவரும் புதுக் களமும் வந்தன. களங்களுக்குத் தனிவிலை இல்லை. பெருஞ்செயல் நிகழ்ந்தது 2017இல். அவ்வாண்டின் இரண்டாம் பருவத்தில் புதியன எவையும் வாரா, உள்ளவற்றின் நோய் தீர்ப்பதே வேலை என்று நிறுவனம் அறிவித்தது. 'நலச் செயற்பாடு' என்று அதற்குப் பெயர். போலந்து நாட்டை நிலைக்களமாகக் கொண்டு வரவிருந்த களம் கைவிடவே பட்டது. புதுமைக்குக் காத்திருந்தோர் சினந்தனர். ஆனால் ஆள் சேர்க்கும் முறை சீரமைந்தது, வழங்கிகள் மேம்பட்டன, சுட்ட குண்டு எங்குப் பட்டது என்று கணிக்கும் எல்லைகள் உடலோடு பொருந்தின. நாளும் ஒரு புதுப் பொருளைக் காட்டி மயக்குவதே வாணிகம் என்றாகிவிட்ட இக்காலத்தில், மூன்று திங்கள் கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு அடித்தளத்தைப் பழுதுபார்க்கும் துணிவு எளிதன்று. 2021இன் தொடக்கத்தில் 7 கோடிப் பேர் முற்றுகையை ஆடியிருந்தனர். மறவர் தொகை இன்று 70ஐக் கடந்துவிட்டது.

இதுவரை நிறுவனத்தின் புகழ். இனி மறுபக்கம். திருத்தும் உரிமை முழுதும் ஒருவன் கையில் இருப்பின், அவன் கெடுக்கவும் உரிமை பெறுகின்றான். 2018 நவம்பரில் அது வெளிப்பட்டது. சீனச் சந்தையினுள் நுழைய விரும்பிய நிறுவனம், அந்நாட்டுத் தணிக்கைக்கு ஏற்பக் களங்களை மாற்றப்போவதாகக் கூறிற்று: மண்டையோட்டுக் குறி நீங்கும், சூதாட்டப் பொறிகள் மறையும், சுவரிற் படிந்த குருதி துடைக்கப்படும், கத்திக் குறி கைமுட்டியாகும். சீனத்துக்கு மட்டுமா? அன்று. இரு வடிவங்களைப் பேணுதல் தொல்லை என்று, உலகினர் அனைவர்க்கும் ஒரே வடிவம் என்றனர்! ஓர் அரசின் கத்தரிக்கோல் அவ்வரசின் குடிகளல்லாதார் வீட்டிலும் வெட்டும் என்பதே இதன் பொருள். மண்டையோடு போனால் என்ன குடிமுழுகிவிடும் என்பார்க்குச் சொல்வோம்: மண்டையோடு அன்று வழக்கு, கேளாமல் எடுத்தமையே வழக்கு. ஒருமைப்பாட்டின் பெயரால் ஒருவன் அளவுச் சட்டையை அனைவர்க்கும் மாட்டுவதை நாம் அறியாதவர்களா? ஆடுவோர் கொதித்தெழுந்தனர், விற்பனைத் தளங்களில் கண்டனம் எழுதிக் குவித்தனர். அத்திங்கள் முடியுமுன்னரே நிறுவனம் பணிந்து, அம்மாற்றங்களைத் திரும்பப் பெற்றது. முற்றுகை பெற்ற திருத்தங்களுள் இதனையே யாம் தலையாயதாகக் கொள்வோம். இதனைச் செய்தவர் பொறியாளரல்லர், ஆடியவர்.

2025 சூனில் அது புதுவடிவுற்று, விலையின்றி நுழையவும் வாயில் திறந்துவிட்டது. ஆகலின் இனி நம் பிள்ளைகளும் மிகுதியாக நுழைவர். நுழைந்து எம்மொழியிற் படிப்பர்? அதனை ஆக்கிய மாண்ட்ரியால் நகர் கியூபெக் மாநிலத்தது. 1977இல் பிரெஞ்சு மொழிப் பட்டயத்தைச் சட்டமாக்கிய மாநிலம் அது. உலகில் எங்கேனும் பிரெஞ்சு வடிவம் உளதாயின், ஆங்கில வடிவத்தை மட்டும் அங்கு விற்றல் 2009 ஏப்பிரல் முதல் இயலாதாயிற்று. 4 கோடியை எட்டாத மக்களையுடைய போலந்தின் மொழியில் முற்றுகை கிடைக்கின்றது. 2011 கணக்கெடுப்பிலேயே 7.2 கோடி மக்களைக் கொண்டிருந்த தமிழ்நாட்டின் மொழியில் இல்லை. பத்தாண்டு இற்றைப்படுத்தங்களுள் ஒன்றேனும் ஒரு தமிழெழுத்தைத் திரைக்குக் கொணர்ந்ததில்லை. கேட்டவர்க்கு வந்தது, கேளாதார்க்கு வரவில்லை.

திரையிற் தோன்றும் சொற்களை மட்டும் தமிழாக்கக் குரற்பதிவு வேண்டா, புதுக் களம் வேண்டா. எழுத்துருவும் மொழியறிந்தோர் சிலரும் போதும். அடுத்த பருவம் மூன்று திங்களுக்குள் வரும். நிறுவனத்துக்கு மடல் எழுத நம் இளைஞர் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை.